ரோலருக்குப் பின்னால் போன காளை

கூலிம் வட்டாரத்துத் தோட்டங்களில் என் பெயர் பிரான்சிஸ் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கு நான் காளைக்காரன். பிள்ளைகளுக்கு அதுகூட நீளம். என் மோட்டார் லயத்து வீடுகள் பக்கம் திரும்பியதும், "அம்மா, காளை வந்துருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தாள். பிறகு அவளே வீட்டில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

கால்நடைத் துறையில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. ஊசி என்பது சும்மா வாய்ச்சொல். நல்ல காளையின் விந்தை உறைய வைத்து மெல்லிய குச்சிகளில் அடைத்திருப்பார்கள். மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு மாடு இருக்கிற இடத்துக்கே போய்க் கருப்பைக்குள் செலுத்த வேண்டும். பணி ஓய்வு பெறும் நாள்வரைக்கும் நான் மோட்டாரில்தான் போனேன். எங்கள் பக்கத்தில் மோட்டார் என்றால் இரண்டு சக்கரம்தான். நாலு சக்கரம் இருந்தால் அது காடி.

போன மாதம் பழைய ஆபிஸில் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாருக்கும் நாலு சக்கர வண்டி, உள்ளே குளிர்சாதனம். நான் என் பழைய கப்சாயில் போய் இறங்கினேன். துறை கழித்துவிட்டபோது நானே வாங்கிக்கொண்ட அதே மோட்டார். புதிதாகச் சேர்ந்த கவிதா என்ற பெண் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுலயா நைட்ரஜன் தோங்க வச்சிக்கிட்டுப் போனீங்க? கல்லு ரோட்டுலயா? எங்களுக்குக் காடிலயே பயமா இருக்குலா."

"பயம் இருந்தாத்தான் தோங்கு தங்கும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கறிபாப்பை எடுத்துக் கடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் பெண் கேட்டதற்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தோங்கை, அதாவது நைட்ரஜன் குடுவையை, நான் ஒருவன் காப்பாற்றவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தெற்கே ஜொகூரில் சில மாதங்கள் இருந்தோம். அறுப்புக்கூடத்திலிருந்து வரும் கருப்பைகளை மேசைமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகினோம். பிறகு உயிருள்ள மாடு, பிறகு சான்றிதழ். மாட்டுக்குள் கையை விட அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். தோட்டத்து ரோட்டில், எங்கள் சொல்லில் சடக்கில், மோட்டார் விட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லூனாஸைத் தாண்டித் தார் ரோடு முடிந்து செம்மண்ணும் கல்லும் ஆரம்பித்த முதல் வளைவிலேயே மண்ணைக் கவ்வினேன். நல்லவேளை, குடுவை காலியாக இருந்தது.

இதைக் கேள்விப்பட்ட என் அம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைக் கோயிலுக்கே ஓட்டிவரச் சொல்லிவிட்டார். பூசை முடிந்ததும் பாதர் வெளியே வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மோட்டாருக்கும் குடுவைக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். அம்மா ஹேண்டிலில் ஓர் அந்தோணியார் பதக்கத்தைக் கட்டிவிட்டார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவிழ்க்க மனம் வரவில்லை.

குடுவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் கேன் அளவு அலுமினியப் பாத்திரம், கழுத்து மட்டும் ஒடுங்கியிருக்கும். உள்ளே திரவ நைட்ரஜன். பனிக்கட்டியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது, அத்தனை குளிர். நீளமான காம்பு வைத்த கிண்ணத்தில் குச்சிகளை நிறுத்தி அதற்குள் முக்கி வைத்திருப்போம். குடுவைக்கு இரண்டு சுவர், நடுவில் காற்றில்லாத வெற்றிடம். கல்லுச் சடக்கில் தூக்கிப் போட்டுப் போட்டு உட்சுவர் விரிசல் விட்டால் அதோடு கதை முடிந்தது. வெளியே கழுத்தில் வெள்ளையாகப் பனி பூக்கும். அப்படிப் பூத்த குடுவையை எந்த டாக்டராலும் பிழைக்க வைக்க முடியாது. குச்சிகள் வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றாலும் அப்படித்தான். உள்ளே இருக்கிற உயிர் போய்விடும். திரும்ப முக்கி வைத்துப் பயனில்லை.

இதற்காகத்தான் டாக்டர் சுரையா எங்கள் மோட்டார்களைப் பாடாய்ப் படுத்தினார். மாவட்டத்துக்கு வந்த கால்நடை டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர். சொந்த ஊர் ஜித்ரா. அப்பா அங்கே மோட்டார் பட்டறை வைத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் நாங்கள் மோட்டார்களை வரிசையாக இரட்டை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். அவர் பாஜு குரோங் பாவாடையை முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு குந்துவார். சங்கிலியின் நடுவில் பென்சிலால் அழுத்தித் தொய்வு பார்ப்பார். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை அருகில் கொண்டுபோவார். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுவார். நல்ல கம்பி மணிபோல ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். திட்ட மாட்டார். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை.

கடைசியில் ஒரு கண்ணாடி கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார். எஞ்சினை ஓடவிட்டு, குடுவை வைக்கப் பின்சீட்டில் பொருத்திய மரப்பெட்டியின் மேல் அதை வைப்பார். தண்ணீர் நடுங்கலாம், சிந்தக் கூடாது. சிந்தினால் எங்கேயோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சஸ்பென்ஷன் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை வெளியே போக முடியாது. சிந்தாவிட்டால் 'நல்லது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. கிளாஸை எடுத்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த மோட்டாருக்குப் போய்விடுவார். அவர் தண்ணீர் குடித்தால் நாங்கள் பாஸ்.

ஆரம்பத்தில் எங்களுக்கு இது பெரிய தொந்தரவாகத் தெரிந்தது. மாட்டு டாக்டரா, மோட்டார் டாக்டரா என்று கேலி பேசினோம். ஆனால் அவர் இருந்த காலம் முழுக்க என் குடுவையில் ஒருமுறைகூடப் பனி பூக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நான் நன்றி சொல்கிறேன்.

சடக்கு மீதியைச் சொல்லிக்கொடுத்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். சடக்கும் அப்படித்தான். கல்லில் போகும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஹேண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும், இறுக்கினால் முன்சக்கரம் முரண்டு பிடிக்கும். பள்ளம் வந்தால் கால்மிதியில் லேசாக எழும்பி நின்று உடம்பில் அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டும். உதிரிக் கல்லில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது. சின்ன கியரில் எஞ்சின் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கவிதாவுக்கு இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியது பாப்பாத்தி அக்கா கதை.

பாப்பாத்தி அக்கா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். புருஷன் போய் ரொம்ப வருஷம். பிள்ளைகள் இல்லை. அவர் இருந்தது லயத்தின் கடைசி வீடு, பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை. கொட்டகையில் ஒரே ஒரு கிடாரி, பெயர் ரோஜா. சிவந்த நிறம், சின்ன உடம்பு, நாட்டுமாட்டு இனம்.

ரோஜா அக்காவுடையது இல்லை. கோத்தா கோலா மூடா பக்கத்து ஹாஜி டின் என்பவருடையது. பாவா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பங்குக் கணக்கில் கன்றாக இருக்கும்போதே அக்காவிடம் வளர்க்க விட்டிருந்தார். வளர்க்கிறது அக்கா பொறுப்பு. முதல் கன்று வளர்த்தவருக்கு, அடுத்த கன்று சொந்தக்காரருக்கு. எழுத்து ஒன்றும் கிடையாது, இரண்டு பேர் வாய்வார்த்தைதான். இருவருமே அதை மீறுகிறவர்கள் இல்லை.

முதன்முறை நான் போனபோது அக்கா சொன்னது ஞாபகம் இருக்கிறது. "வீடு தோட்டத்துது. மாடு ஹாஜியோடது. இந்த வயசுல எனக்குன்னு ஒரு வாலாவது வேணும் தம்பி. அந்தக் கன்னுக்குட்டி வரட்டும், அதுதான் எனக்கு."

இரண்டு முறை ஊசி போட்டேன். இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்று வாரம் போனதும் ரோஜா திரும்பக் கத்தியது. இது எந்த மாட்டுக்கும் நடப்பதுதான். ஆனால் ஹாஜி டின்னுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கணக்கு ஒன்று இருந்தது. கிராமத்துக் குர்பான் பலிக்கு ஒரு மாடு தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்து அக்காவிடம் நேராகவே பேசினார். பெருநாளுக்குள் சினை பிடித்திருந்தால் மாடு இங்கேயே இருக்கும், சினை மாட்டை யாரும் குர்பான் கொடுக்க மாட்டார்கள். பிடிக்காவிட்டால் லாரியோடு வருவேன், கோபித்துக்கொள்ளாதே என்றார். நியாயமான மனுஷர். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

சினை பிடித்ததைக் கையை விட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பெருநாளைக் கணக்குப் பண்ணிப் பார்த்தால் எங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் மிச்சம். அடுத்த முறை ரோஜா கத்தும்போது போடுகிற ஊசி தங்க வேண்டும்.

ஒரு காலையில் தோட்ட ஆபிஸிலிருந்து போன் வந்தது. ரோஜா முந்திய சாயங்காலத்திலிருந்து கத்துகிறதாம். எப்படியும் மதியத்துக்குள் போட்டாக வேண்டும். குடுவையைப் பெட்டியில் இறக்கி, சுற்றிலும் பஞ்சு அடைத்து, டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். முந்திய வாரத்து மழையில் தோட்டத்து மரப்பாலம் போய்விட்டிருந்தது. காடி எதுவும் உள்ளே வர முடியாது. மோட்டாருக்காக இரண்டு பலகை போட்டிருந்தார்கள். அதில் தள்ளிக்கொண்டு தாண்டினேன்.

எங்கள் வேலைமுறையில் முதலில் மாட்டைப் பார்க்க வேண்டும், பிறகுதான் குச்சியை வெளியே எடுக்க வேண்டும். மோட்டாரை அக்கா வீட்டு மாமர நிழலில் நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். ரோஜாவை அடைப்புக்குள் விட்டுக் கட்டி, கையுறை மாட்டிப் பார்த்தேன். வழும்பு கண்ணாடிபோலத் தெளிவாக இறங்கிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. சந்தோஷமாகக் கையைக் கழுவிவிட்டு மாமரத்தடிக்கு வந்தால், சூட வாசனை அடித்தது.

அக்கா பெட்டியைத் திறந்திருந்தார். குடுவையின் மூடி தரையில் கிடந்தது. குச்சிகள் இருந்த கிண்ணத்தைத் துணியால் பிடித்து வெளியே எடுத்து, பித்தளைத் தட்டில் வைத்து, விபூதி பூசி, பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூவும் வைத்திருந்தார். சூடம் எரிந்து பாதியாகியிருந்தது. திறந்த குடுவையிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து அவர் காலடியில் பரவிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி நின்றார்.

"அக்கா" என்றேன்.

கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "ரெண்டு வாட்டி தங்கல இல்ல தம்பி. சாமிக்குக் காட்டாம போட்டதுனாலதான்னு மனசுல பட்டுச்சு. காளை உள்ளதான இருக்கு, ஒரு சூடம் காட்டிட்டேன். பாருங்க, எப்படிப் பொகையா வருதுன்னு."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் கண் ஹேண்டிலில் தொங்கிய அந்தோணியார்மேல் விழுந்தது. இதே குடுவைக்குத்தான் என் அம்மாவும் தீர்த்தம் தெளிக்க வைத்தார். பாதருக்கு மூடியைத் திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கோபத்தை விழுங்கிக்கொண்டு, நடந்ததை உள்ளபடி சொன்னேன். இந்தக் குச்சிகள் குளிரில்தான் உயிரோடு இருக்கும், வெளியே எடுத்ததில் எல்லாம் போய்விட்டது, வேறு குச்சி என்னிடம் இல்லை.

அக்கா அழவில்லை. சூடத்தை விரலால் அணைத்தார். அப்படியே மாமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார். "நானே கெடுத்துக்கிட்டனா?" என்று கேட்டார். நான் தரையில் கிடந்த மூடியை எடுத்துக் குடுவையை மூடினேன்.

தோட்டத்துக்குள் கைத்தொலைபேசிக்கு லைன் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டுக்கு ஓடிப்போய் டாக்டர் சுரையாவைக் கூப்பிட்டேன். அவர் பேசியது மலாயில். நான் தமிழில் சொல்கிறேன்.

"டாக்டர், குச்சி எல்லாம் போயிடுச்சு."

"ஏன்?"

"இந்த அக்கா வெளியே எடுத்துச் சாமி கும்பிட்டுட்டாங்க."

டாக்டர் நேராக அடுத்த கேள்விக்குப் போனார்.

"மாடு?"

"நல்லா இருக்கு. இதைவிட நல்ல பருவம் கிடைக்காது."

"குடுவையில நைட்ரஜன் மிச்சம் இருக்கா?"

"பாதிக்கு மேல இருக்கு."

"மில் முச்சந்திக்கு வாங்க. நானும் கெளம்புறேன்."

பாலத்தைத் தாண்டி, கல்லுச் சடக்கு தார் ரோட்டில் ஏறும் இடத்தில் செம்பனை ஆலை ஒன்று இருந்தது. அதைத்தான் மில் முச்சந்தி என்போம். போகும்போது சடக்கு பழைய இறுகிய செம்மண்ணாக இருந்ததால் சிக்கல் இல்லை. வழியில் லாரி ஒன்று புதுக் கல்லைக் குவியல் குவியலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். அவர் கொண்டுவந்த குடுவையையும் என்னுடையதையும் வாயோடு வாய் ஒட்டி வைத்து, இடுக்கியால் ஒரு குச்சியை அதிலிருந்து இதற்கு மாற்றினார். அது காற்றில் இருந்ததுகூடத் தெரியவில்லை. ரோஜாவுக்கு இது தலைச்சன், உடம்பும் சின்னது. பெரிய இனத்துக் காளை போட்டால் கன்று போடும்போது தாயே போய்விடும். சின்ன இனத்துக் காளையின் குச்சி அவரிடமும் அந்த ஒன்றுதான் இருந்தது.

நான் அவசரமாக மோட்டாரை உதைத்தேன். டாக்டர் பெட்டியின் மேல் கையை வைத்து நிறுத்தினார்.

"என்சிக் பிரான்சிஸ், மாடு காத்திருக்கும். குடுவை அடி தாங்காது. மெதுவா போங்க."

திரும்பி வந்தால் சடக்கைக் காணோம். நான் போய்வந்த நேரத்துக்குள் கொட்டிய கல்லையெல்லாம் இழுத்துப் பரப்பிவிட்டிருந்தார்கள். ஆற்றுக் கல், உருண்டை உருண்டையாக, கணுக்கால் ஆழத்துக்கு. இன்னும் அமுக்கவில்லை. முன்சக்கரத்தை ஏற்றியதும் அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காலை ஊன்றி நிறுத்தினேன். இன்னொரு முறை முயன்றேன். மோட்டார் சாய்ந்து, பெட்டியை இடுப்பால் தாங்கிப் பிடித்தேன். ஓரத்தில் போகலாமென்றால் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் வடிகால். குடுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அந்த உருளும் கல்லில் ஒரு தடவை இடறினாலே குடுவை போய்விடும். பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

செம்பனை நிழலில் ரோலர் நின்றிருந்தது. அதன் சக்கரத்தில் சாய்ந்து மணியம் அண்ணன் நாசி புங்குஸ் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோலர் ஓட்டுகிறவர். எல்லாத் தோட்டத்திலும் பார்த்துப் பழக்கம்.

"என்ன காளை, நின்னுட்ட?" என்றார்.

"தாண்ட முடியல அண்ணே."

"காளை உள்ள இருக்கா?"

"ஒரே ஒரு சொட்டு இருக்கு. பாப்பாத்தி அக்கா மாட்டுக்கு. இன்னிக்குத் தப்புனா அந்த மாடு லாரி ஏறிடும்."

மணியம் அண்ணன் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார். பொட்டலத்தை மடித்து ரப்பர் போட்டு ரோலர் சீட்டுக்கு அடியில் வைத்தார். "பின்னாலயே வா. முந்தாத" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ரோலர் கிளம்பியது. அதன் இரும்புச் சக்கரம் போன தடத்தில் கல் நறுநறுவென்று உள்ளே இறங்கி, ஒரு பாய் அகலத்துக்குச் சடக்கு சமமாயிற்று. அந்தப் பாயின் மேல் முதல் கியரில் நான். ரோலருக்கு அவசரம் என்ற ஒன்று தெரியாது. பச்சைப்பிள்ளை தவழ்கிற வேகம். எஞ்சின் சூடாகுமே, நின்றுவிடுமே என்று பயந்தேன். அது நிற்கவில்லை. ஒரு கம்பி முனகவில்லை, சங்கிலி தட்டவில்லை. அத்தனை திங்கட்கிழமைகளும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. டாக்டருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டேன்.

குலை வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சத்தம் கேட்டுச் சடக்கோரத்துக்கு வந்தார்கள். முன்னால் ரோலர், பின்னால் நான், பெட்டியில் காளை. "என்னண்ணே, ஊர்வலமா?" என்று ஒருவன் கேட்டான். மணியம் அண்ணன் திரும்பாமலே, "மாப்பிள்ள ஊர்வலம்டா. பொண்ணு கொட்டாயில காத்துக்கிட்டு இருக்கு" என்றார். அவ்வளவு பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலம்வரை கொண்டுவந்து விட்டார். நன்றி சொன்னேன். "போ போ, பொண்ணு வீட்டுக்காரங்க தேடுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்தார்.

அக்கா நான் விட்டுப்போன இடத்தில்தான் இருந்தார். ஆனால் அடுப்பில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குச்சியை இளக்க அது வேண்டும் என்று இரண்டு முறை பார்த்திருந்தார். ஆறிப்போகாமல் சுட வைத்துச் சுட வைத்து, மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். குச்சியை எடுத்து ஒரு உதறு உதறி அந்தத் தண்ணீரில் போட்டேன். துடைத்தேன், நுனியை வெட்டினேன், துப்பாக்கி என்று நாங்கள் சொல்லும் குழலில் பொருத்தினேன். இடது கையை மாட்டுக்குள் விட்டுக் கருப்பை வாயைப் பிடித்து, வலது கையால் குழலை உள்ளே நகர்த்தினேன். இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். பதறாத காரியம் சிதறாது. ரோலருக்குப் பின்னால் வந்ததில் என் கையும் அந்த வேகத்துக்கு வந்திருந்தது. மெள்ள மெள்ள அழுத்தி முடித்தேன்.

அக்கா கொட்டகைக்கு வெளியே, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எதையாவது தொட்டுவிடுவோமோ என்ற பயம். "இப்ப வேணும்னா சூடம் காட்டுங்கக்கா" என்றேன்.

"வேணாம் தம்பி. அது நிம்மதியா உள்ள போயி உக்காரட்டும்" என்றார்.

மூன்று வாரம் கழிந்தது. ரோஜா கத்துகிறதா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. லூனாஸ் பக்கம் வருகிற மோட்டார்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அக்கா செய்தி சொல்லி அனுப்பினார். "பாப்பாத்தி அக்கா சொல்லச் சொன்னுச்சு, கத்தலையாம்." காய்கறிக்காரர் சொன்னார், தபால்காரர் சொன்னார், மணியம் அண்ணன் ரோலரை நிறுத்திவிட்டுச் சொன்னார். கத்தாததை வைத்து மட்டும் சினை என்று சொல்லிவிட முடியாது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஊசி போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனபிறகு, பெருநாளுக்கு முந்திய வாரம், ஹாஜி டின் லாரியோடு வந்தார். பாலத்தைச் சரிசெய்துவிட்டிருந்தார்கள், லாரி லயம்வரை வந்தது. பின்கதவு திறந்து பலகை சாய்த்திருந்தது. டாக்டர் சுரையாவுக்கு வேறு வேலை இருந்ததால் என்னையே பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார். ஹாஜி எனக்குச் சலாம் சொல்லிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார். அக்கா கொட்டகைக்குள் வரவே இல்லை. வெளிச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

கையுறை மாட்டிக் கையை விட்டேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. சாணத்தை வழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப விட்டேன். கருப்பையின் ஒரு பக்கம் கனத்து, தண்ணீர் நிறைந்த பைபோல இறங்கியிருந்தது. விரல் நுனியால் மெதுவாகத் தட்டினேன். உள்ளே சின்னதாக ஏதோ விலகிப் போய், மிதந்து வந்து, என் விரலில் முட்டியது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கண் கலங்கிவிட்டது. எத்தனையோ மாடுகளைப் பார்த்த கைதான். அன்றைக்கு மட்டும் அதை வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

"ஹாஜி, புந்திங்" என்றேன். சினை.

"அல்ஹம்துலில்லா" என்றார் ஹாஜி. லாரியின் பலகையைத் தானே தூக்கிப் பின்கதவைச் சாத்தினார். வேறு மாடு பார்க்க வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்து நின்றவரிடம், "பாப்பாத்தி, முதல் கன்று உன்னுடையது" என்று மலாயில் சொன்னார்.

நான் கையை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அக்கா வேகமாக வந்தார். சாணம் வழிகிற என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருங்கக்கா, கழுவிட்டு வந்துர்றேன்" என்றேன்.

"கழுவாதீங்க தம்பி." அந்தக் கையை அப்படியே தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் கன்னுக்குட்டியைத் தொட்ட கை இது."